பழி சுமந்த பச்சோந்தி

காலையில் ஒரு மேடையிலே முழங்கிவிட்டு, மாலையில் மாற்றார் மேடையிலே மாலை பெறுபவனை நாம் என்ன சொல்லி ஏசுகிறோம்? பச்சோந்தி என்கிறோம். சொல்லி முடித்ததும் நமக்கு ஓர் ஆறுதல். ஏசப்பட்டவனோ மாலையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு, சிரித்தபடி போய்விடுகிறான். மரக்கிளையிலே அடிமேல் அடிவைத்து நடந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு பிராணி மட்டும் பழியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. குற்றம் சாட்டியவர் பலர்; அதன் தரப்பைக் கேட்டவர் சிலர். இந்த வழக்கோ இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளாக நடந்துவருவது. அதன் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால், ஒரு பிராணியின் வரலாற்றைக் காட்டிலும் மனிதன் தன் கண்ணை நம்பக் கற்றுக்கொண்ட வரலாறே அதிலே மிகுதியாகத் தெரிகிறது.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். வேலி ஓரத்திலே தலையை ஆட்டிக்கொண்டு, தொண்டை சிவக்க உட்கார்ந்திருக்கும் ஓணானைக் காட்டி, ‘அதோ பச்சோந்தி’ என்பார் உண்டு. அது வேறு, இது வேறு. உண்மைப் பச்சோந்தியின் பாதம் இடுக்கி போல் இரண்டாகப் பிளந்திருக்கும்; மூன்று விரல் ஒரு புறம், இரண்டு விரல் மறு புறம். வால் சுருண்டு கிளையைப் பற்றும். உடல் இரு பக்கமும் தட்டையாக, இலையைச் செங்குத்தாக நிறுத்தியது போலிருக்கும். இன்று அறியப்பட்டுள்ள பச்சோந்தி இனங்கள் 220-க்கு மேல். அவற்றில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கப் பெருநிலத்தில். தென் ஐரோப்பாவிலும் அரபு நாட்டிலும் சில உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது ஒரே இனம். வியன்னாவைச் சேர்ந்த லாரெண்டி 1768-இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, இலங்கையின் பெயரையே ஒட்டவைத்தார். நம் வறண்ட புதர்க்காடுகளிலே வாழ்வது அதுதான். கூச்சமுள்ளது, எளிதில் கண்ணில் படாது.

வழக்கின் முதல் ஏடு கிரேக்க நாட்டிலே எழுதப்பட்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் பச்சோந்திக்குத் தனியிடம் தந்தார். ஏனோ தானோ என்று எழுதவில்லை. கண் பெரிது, உருண்டையானது, உடலை மூடிய அதே தோல் கண்ணையும் மூடியுள்ளது, நடுவிலே பார்வைக்கென்று ஒரு சிறு துளை மட்டும் விடப்பட்டுள்ளது, அந்தக் கண்ணைச் சுழற்றி எத்திசையும் நோக்குகிறது என்று, பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எழுதுவது போல் எழுதினார். அறுத்துப் பார்த்ததாகவும், அறுத்த பின்னும் அது நெடுநேரம் மூச்சு விட்டதாகவும் சொன்னார். நாவைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் காணாததைக் கண்டதாகவும் எழுதவில்லை. அறிவுத் துறையிலே இதுவும் ஒரு பெருமைதான்.

அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த அடக்கம் இல்லை. ரோமாபுரியின் பிளினி, கி.பி. 77-ஐ ஒட்டி முடித்த தம் இயற்கை வரலாற்றுப் பெருநூலில், பச்சோந்தி ஒன்றே உணவும் நீரும் இன்றிக் காற்றை மட்டும் உண்டு வாழும் பிராணி என்று எழுதிவைத்தார். இதே பிளினிதான் அதே நூலின் வேறோரிடத்தில் பச்சோந்தியைப் பற்றிய மந்திரக் கதைகளை எடுத்துப் போட்டு எள்ளி நகையாடுகிறார்! டெமாக்ரிட்டஸ் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு சுவடியில் அவை இருந்தனவாம். பச்சோந்தியின் தலையையும் தொண்டையையும் கருவாலி விறகிலே எரித்தால் இடியும் மழையும் வருமாம். உயிரோடிருக்கும்போதே அதன் நாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் நீதிமன்றத்திலே வழக்கு வெல்லுமாம். இடது காலை உரிய முறைப்படி வாட்டி வைத்துக்கொண்டால் மனிதன் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்து போகலாமாம்! கிரேக்கர் அவிழ்த்துவிட்ட பொய்கள் என்று பிளினி சிரிக்கிறார். சிரிக்க வேண்டியவைதாம். ஆனால் இடியைக் கேட்டுச் சிரித்தவர் காற்றை மட்டும் எப்படி விழுங்கினார்? நூறு மூடநம்பிக்கையை உதறிய கையிலே நூற்றோராவது ஒட்டிக்கொண்டிருப்பதை அறியாத அறிஞர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எல்லாக் காலத்திலும் உண்டு.

காற்றுண்ணும் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது கடினமன்று. பச்சோந்தி மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருக்கும். பல நாள் உணவின்றியும் தாங்கும். சினம் வந்தால் மூச்சை இழுத்து உடலை உப்பவைத்துக்கொண்டு வாயைப் பிளக்கும். காற்றை அள்ளி விழுங்குவது போலவே தோன்றும். அது இரை பிடிப்பதோ, ஒரு விநாடியைப் பத்தாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில். கண் இமைப்பதற்குள் நாக்கு போய்த் திரும்பிவிடுகிறது. பார்த்தவன் ஏமாறியதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், ஏறத்தாழ 1,500 ஆண்டுக் காலம் அந்த ஏமாற்றம் அறிவாகவே உலவியதுதான். எகிப்திலும் வட ஆப்பிரிக்காவிலும் பச்சோந்தி அரிய பொருளா? இல்லை. ஆடு மேய்க்கும் சிறுவனும் பார்த்திருக்கக் கூடியது. அவன் ஏடு எழுதவில்லை. ஏடு எழுதியவர்கள் அவனைக் கேட்கவில்லை. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினர். அதைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்திலேகூடப் பச்சோந்தி காற்றுண்ணும் செய்தி உவமையாக வந்து போகிறது.

கதையை முறித்தவர்களில் முன்னவர் பியர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1546 முதல் 1549 வரை துருக்கிப் பேரரசின் நாடுகளிலும் எகிப்திலும் சுற்றியவர். 1553-இல் தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டவர். பச்சோந்தி ஈயையும் புழுவையும் வண்டையும் தின்கிறது என்று சொன்னதோடு நில்லாமல், அதன் வயிற்றைக் கிழித்து, உள்ளே கிடந்த பூச்சிகளையும் கண்டவர். அவர் சான்றை எடுத்துக்கொண்டு 1646-இல் வழக்காட வந்தார் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர். பொதுமக்களிடையே உலவும் பொய்களைத் திரட்டித் திரட்டி மறுப்பதற்கென்றே ஒரு பெருநூல் எழுதியவர் அவர். அதில் பச்சோந்திக்கு ஓர் அத்தியாயம். அவர் கேட்ட கேள்விகள் எளியவை: காற்றுதான் உணவு என்றால் பல் எதற்கு? இரைப்பை எதற்கு? குடல் எதற்கு? உடலைப் போலவே நீண்ட அந்த நாக்கு எதற்கு? இந்தக் கேள்விகளைக் கேட்க நுண்ணோக்காடி வேண்டியதில்லை, பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. கேட்கலாம் என்ற துணிவு மட்டுமே வேண்டியிருந்தது.

பிறகு வந்தது பாரிசு. அங்கே புதிதாக நிறுவப்பட்ட அறிவியற் கழகத்தைச் சேர்ந்த குளோது பெரோ, 1669-இல் பச்சோந்தியின் உடற்கூற்றை வெளியிட்டார். சிண்டரெல்லாக் கதையை எழுதிய சார்லசு பெரோவின் உடன்பிறந்தார் இவர். தம்பி கற்பனையிலே வண்டி ஓட்டினார். அண்ணன் கற்பனையைக் கத்தியால் அறுத்தார்! பெரோவும் தோழர்களும் உயிருள்ள பச்சோந்தி ஒன்றை வைத்துக்கொண்டு பார்த்தனர். அது நாவை நீட்டி ஈயைப் பிடிப்பதைப் பார்த்தனர். தொட்ட பொருளின் நிறமெல்லாம் அதற்கு வந்துவிடும் என்ற பேச்சையும் சோதித்தனர். வெள்ளைத் துணியிலே சுற்றி வைத்து எடுத்தனர். ஒருமுறை வெளிறியிருந்தது, மீண்டும் மீண்டும் செய்தபோது துணியின் நிறம் படியவில்லை. ஆகவே, பச்சோந்தி இருக்கும் இடத்தின் நிறத்தைப் பூசிக்கொள்கிறது என்பது பொருந்தாது என்ற முடிவுக்கு வந்தனர். ஆண்டு 1669 என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றரை நூற்றாண்டுக்கு முன் பொய்யெனக் காட்டப்பட்ட இந்தச் செய்திதான் இன்றும் குழந்தைகளுக்கான படப் புத்தகத்திலே, சிவப்புக் கம்பளத்தில் சிவந்தும் கட்டம் போட்ட துணியில் கட்டம் கட்டமாகவும் நிற்கிறது.

ஐரோப்பா இப்படித் தன் பொய்யைக் களைந்துகொண்டிருந்தபோதும், அதன் பாதிரிமார்கள் ஆப்பிரிக்காவின் பொய்களைக் கேட்டு வியந்து எழுதியதுண்டு. அவர்கள் எழுதிவைத்ததால் நமக்கும் அவை கிடைத்தன. ஸூலு மக்களின் கதையை ஹென்றி கால்லவே 1868-இலிருந்து வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். ‘மனிதருக்குச் சாவில்லை’ என்ற செய்தியைக் கொடுத்துப் பச்சோந்தியை அனுப்பினாராம் முதல்வர் உன்குலுன்குலு. அது வழியிலே பழம் தின்று தாமதித்தது. அதற்குள் ‘மனிதர் சாவர்’ என்ற செய்தியோடு பல்லி கிளம்பி, முந்திச் சென்று சொல்லிவிட்டது. அன்று முதல் சாவு வந்ததாம். குற்றவாளி யார்? மெல்ல நடந்த பச்சோந்தி!

கதை என்ற அளவில் இதிலே ஒரு சோகமும் அழகும் உண்டு. மனிதன் தன் சாவுக்குக் காரணம் தேடி அலைந்ததன் தடம் அது. ஆனால் கதை கதையாக நிற்கவில்லை. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அன்றி ழுனோ என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியார், தோங்கா மக்களைப் பற்றி 1912-இல் வெளியிட்ட நூலில், மேய்ப்புச் சிறுவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதியுள்ளார். பச்சோந்தியைச் சீண்டி வாய் திறக்கச் செய்து, உள்ளே புகையிலைப் பொடியைப் போடுவார்கள். அது நிறம் மாறி மாறித் துடித்துச் சாவதைப் பார்த்து மகிழ்வார்கள். சாவைக் கொண்டுவந்ததற்குத் தண்டனை! ‘காட்டுமிராண்டிகள்’ என்று எவரேனும் இங்கே உதட்டைப் பிதுக்கினால், நாம் அவரை நிறுத்திக் கேட்போம்: நம் சிற்றூர்த் திடல்களிலே ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயிலே மூக்குப்பொடி தூவி, கிறுகிறுத்து ஆடவைத்துக் கைகொட்டியவர்கள் எந்தக் கண்டத்துச் சிறுவர்கள்? கண்டம் வேறு, பொடி ஒன்றுதான்.

இனி, வழக்கின் பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம்: நிறமாற்றம். வெளிச்சூழலுக்கு ஏற்ப நிறம் மாறவில்லை என்றால் எதற்காக மாறுகிறது, எப்படி மாறுகிறது? 1834-இல் பிரான்சின் மில்ன் எட்வர்டு, தோலுக்குள் அடுக்கடுக்காக நிறப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார். 1852-இல் வியன்னாவின் எர்னஸ்டு புரூக்கே இதை விரிவாக ஆராய்ந்தார். தோலின் ஆழத்திலே கரும்பொருள் நிரம்பிய செல்கள் உள்ளன. அவற்றின் கிளைகள் மேல்நோக்கி நீண்டுள்ளன. கரும்பொருள் கிளைகளிலே பரவினால் உடல் கறுக்கிறது. நடுவே ஒடுங்கினால் வெளிறுகிறது. குளிர்ந்த காலையில் பச்சோந்தி கறுத்திருப்பதும், வெயில் ஏறி உடல் சூடானதும் வெளிறுவதும் இதனால்தான். கறுப்பு வெப்பத்தை வாங்குகிறது, அவ்வளவே.

கறுப்பதும் வெளிறுவதும் விளங்கின. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாவது எப்படி? நெடுங்காலம் எல்லோரும் நிறப்பொருள் ஓடியாடுவதாகவே எண்ணியிருந்தனர். 2015-இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, வேறொன்றைச் சொன்னார்கள். மேல்தோலுக்குக் கீழே உள்ள ஒருவகைச் செல்களில் குவானின் என்ற பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நிற்கின்றன. நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதற்கு மேலே மஞ்சள் நிறப்பொருள் இருப்பதால் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. பிராணி கிளர்ச்சியுற்றால் படிகங்களுக்கிடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 30 விழுக்காடு விரிகிறது. நீலத்துக்குப் பதில் மஞ்சளும் செம்மையும் திரும்பி வருகின்றன. சோப்புக் குமிழியிலும் மயிற்பீலியிலும் நிறம் பிறப்பது போன்றதே இதுவும். சாயத்தால் வந்த நிறமன்று, அமைப்பால் வந்த நிறம். இந்த அடுக்குக்குக் கீழே பெரிய படிகங்களுடன் மற்றோர் அடுக்கு உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்புகிறது. வெப்பத்தைத் தடுக்க அது பயன்படக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

எதற்காக என்ற கேள்விக்கு 2008-இல் டெவி ஸ்டூவர்ட் ஃபாக்ஸ், அட்னன் மூசல்லி என்ற இருவர் விடை தேடினர். தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளில் 21 கிளைகளை எடுத்துக்கொண்டு, எது மிகுதியாக நிறம் மாறுகிறது, எது எவ்விதச் சூழலில் வாழ்கிறது என்று ஒப்பிட்டனர். ஒளிந்துகொள்வதற்காக நிறமாற்றம் வளர்ந்திருந்தால், பல்வேறு பின்னணிகளில் வாழும் இனமே மிகுதியாக மாற வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. எந்த இனம் தன் இனத்தாரின் கண்ணிலே பளிச்சென்று தெரியும்படி சைகை காட்டுகிறதோ, அந்த இனமே மிகுதியாக மாறியது. ஆக, நிறமாற்றம் வளர்ந்தது பதுங்குவதற்கன்று, பேசுவதற்கு! அரிசோனாவில் ரசல் லைகன், கெவின் மெக்ரா இருவரும் ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்தியின் ஆண்களை மோதவிட்டு 2013-இல் எழுதியது இன்னும் தெளிவு. உடற்பட்டை எவ்வளவு ஒளிர்கிறதோ, அந்த அளவுக்கு அந்த ஆண் எதிரியை நோக்கி முன்னேறும். தலையின் நிறம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு ஒளியோடு மாறுகிறதோ, அந்த அளவுக்கு வெல்லும். தோற்றது கறுத்து ஒதுங்கும். தான் தோற்றதைத் தோலிலேயே எழுதிக் காட்டிவிடும்.

இப்போது அந்த வசைமொழியை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். மனத்திலே ஒன்றை வைத்துக்கொண்டு மேனியிலே வேறொன்றைக் காட்டுபவனுக்குப் பச்சோந்தி என்று பெயர் வைத்தோம். பச்சோந்தியோ சினந்தால் சினத்தைக் காட்டுகிறது, தோற்றால் தோல்வியைக் காட்டுகிறது, குளிர்ந்தால் கறுக்கிறது. அதனிடம் ஒளிவே இல்லையென்று சொல்லிவிடவும் கூடாது. நாம் வழக்கறிஞராக வந்தாலும் சான்றை மறைக்கக் கூடாதல்லவா! ஸ்மித்தின் குள்ளப் பச்சோந்தி என்ற இனம், பறவை அச்சுறுத்தும்போது, பாம்பு அச்சுறுத்துவதைக் காட்டிலும் நெருக்கமாகப் பின்னணியோடு ஒத்துப் போகிறது என்று 2008-இலேயே மற்றோர் ஆய்வு கூறியது. உயிருக்கு ஆபத்து வந்தால் மறைகிறது. பதவிக்காக மறைவதாக ஆய்வு எதுவும் இல்லை.

கண்ணின் கதை இன்னும் சுவையானது. அரிஸ்டாட்டில் சொன்ன அந்தத் தோல் கோபுரம் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சுழல்கிறது. ஒரு கண் மேலே பருந்தைப் பார்க்க, மறு கண் கீழே வெட்டுக்கிளியைப் பார்க்கும். இரையை முடிவு செய்ததும் இரண்டும் முன்னோக்கித் திரும்பி நாவைச் செலுத்துகின்றன. தொலைவை எப்படி அளக்கிறது? நாம் இரு கண்ணின் பார்வை வேறுபாட்டைப் பெரிதும் நம்புகிறோம். பச்சோந்தியும் அப்படித்தான் என்று எண்ணினர். 1977-இல் லின்ட்சே ஹார்க்னஸ் அதன் கண்ணுக்கு முன்னே ஆடிகளைப் பொருத்தி, சுருங்கச் சொன்னால் பச்சோந்திக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்! ஆடி மாறியதும் நாக்கு குறி தவறியது. எவ்வளவு தவறும் என்று அவர் கணித்தாரோ அவ்வாறே தவறியது. கண்ணைக் குவிப்பதற்கு எவ்வளவு முயல வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே அது தொலைவை அளக்கிறது. அதற்கு ஒரு கண்ணே போதும். 1995-இல் ஓட்டும் ஷேஃபலும் மேலும் ஒன்றைக் கண்டனர். பொதுவாக முதுகெலும்புள்ள பிராணிகளின் கண்வில்லை ஒளியைக் குவிக்கும். பச்சோந்தியின் வில்லை ஒளியை விரிக்கிறது. குவிக்கும் வேலையை விழிவெண்படலம் செய்ய, இரண்டும் சேர்ந்து தொலைநோக்காடி போல் உருவத்தைப் பெரிதாக்கி விழித்திரையில் விழச் செய்கின்றன.

இரு கண்ணும் ஒன்றையொன்று அறியாமல் சுழல்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தார் கணிப்பொறித் திரையிலே இரு பூச்சி உருவங்களை எதிரெதிராக ஓடவிட்டனர். பச்சோந்தி ஒவ்வொரு கண்ணாலும் ஒவ்வொன்றைத் தொடர்ந்து, பிறகு ஒன்றைத் தேர்ந்து, இரு கண்ணையும் அதன்மேல் திருப்பியது. வலக்கண் பார்ப்பதை இடக்கண் அறிந்தேயிருக்கிறது என்று 2015-இல் எழுதினர்.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இடையில் ரோமாபுரி மருத்துவர் பனரோலி, பச்சோந்தியின் இரு பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்றார். 1704-இல் ஒளியைப் பற்றிய தம் பெருநூலில் நியூட்டனும் அதையே எடுத்தாண்டார். ஆனால் தமக்குக் கிடைத்த தகவல் சரியாயின் என்று ஒரு சொல்லைப் பக்கத்திலே வைத்தார். தகவல் சரியன்று, நரம்புகள் குறுக்கிடவே செய்கின்றன. ஆயினும் அந்த ஒரு சொல் நியூட்டனைக் காப்பாற்றிவிட்டது. குறுக்கிடுவதைச் சரியாக வரைந்த பெரோவோ, நரம்பு நேராகச் செல்வதாகக் காட்டினார். கத்தி போட்டு அறுக்கும்போது நரம்பு நிலை பிறழ்ந்துவிடும்; அறுத்தவர்களுக்கு அதன் வடிவம் பிடிபடவில்லை. 2025-இல் ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு, உடலை அறுக்காமலே உள்ளே பார்த்த ஆய்வாளர்கள், பச்சோந்தியின் பார்வை நரம்பு பழைய தொலைபேசியின் கம்பிபோலச் சுருண்டிருப்பதைக் கண்டு வெளியிட்டனர். கண் எந்தப் பக்கம் திரும்பினாலும் நரம்பு இழுபடாமல் நீண்டுகொடுக்கிறது. அரிஸ்டாட்டில் முதல் இன்று வரை எத்தனை கத்தி, எத்தனை கண்! அத்தனைக்கும் தப்பி அந்தச் சுருள் அங்கேயே இருந்திருக்கிறது.

இனப்பெருக்கத்திலும் இந்த நிறமொழி பேசாமலில்லை. கருவுற்ற பெண் சிறுத்தைப் பச்சோந்தி கறுத்து, செம்மஞ்சள் பட்டைகளைக் காட்டி, ஆணை அண்டாதே என்கிறது. வாயைப் பிளந்து அசைந்தாடி விரட்டவும் செய்யும். ‘வேண்டாம்’ என்று பெண் சொன்னால் அது வேண்டாம்தான். பெரியோர் கூடி முகூர்த்தம் குறிப்பதில்லை. பெரும்பாலான இனங்களில் பெண், மரத்தைவிட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். நம் நாட்டு இனமும் அப்படியே. மடகாஸ்கரின் பார்சன் பச்சோந்தி, இனங்களிலே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் முட்டை பொரிக்க ஓராண்டுக்கு மேல், சில வேளை இரண்டாண்டுவரைகூட ஆகும். கென்யா, தான்சானியா மலைகளின் குளிரில் மண்ணிலே முட்டை பொரிப்பது அரிது. அங்கே வாழும் முக்கொம்பு ஜாக்சன் பச்சோந்தி முட்டையை வயிற்றிலேயே ஐந்தாறு திங்கள் காத்து, குட்டியாகவே ஈனுகிறது. 2021-இல் பெயர் பெற்ற புரூக்கேசியா நானா என்ற இனத்தின் ஆணோ, வால் உட்பட 22 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் விரல் நுனியிலே உட்கார்ந்து இடம் மிச்சம் வைக்கும்.

தென்மேற்கு மடகாஸ்கரின் வறண்ட காட்டில் வாழும் லாபோர்டு பச்சோந்தியின் வாழ்வு இவை எல்லாவற்றையும்விட விந்தை. மழை தொடங்கும் நவம்பரில் முட்டைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பொரிக்கின்றன. குஞ்சுகள் இரண்டே திங்களில் பருவமடைகின்றன, கூடுகின்றன, பெண்கள் முட்டையிடுகின்றன. மழைக்காலம் முடிவதற்குள் வளர்ந்தவை அனைத்தும் மடிந்துபோகின்றன. பிறகு எட்டொன்பது திங்கள் அந்த இனமே முட்டையாக மண்ணுக்குள் கிடக்கிறது. 2008-இல் இதை வெளியிட்டவர்கள், நாற்காலி உயிர்களில் இப்படியொரு வாழ்க்கையை இதற்கு முன் கண்டதில்லை என்றனர். காட்டை வெட்டி எரிப்பவன், வறட்சிக் காலத்திலே வந்து பார்த்தால், இங்கே பச்சோந்தி எதுவும் இல்லையே என்பான். அவன் காலடியிலே ஓர் இனமே புதைந்திருக்கும்.

காட்டை வெட்டுவது கற்பனைப் பேச்சன்று. பச்சோந்திக்குச் சிறகில்லை, ஓடவும் தெரியாது. ஒரு மலைச்சரிவிலே மட்டும் வாழும் இனத்துக்கு அந்தச் சரிவே உலகம். மலாவி நாட்டுக் குன்றுக்காடுகளில் வாழும் சாப்மன் குள்ளப் பச்சோந்தி 1992-இல் பெயர் பெற்றது. பெயர் வைத்துச் சில ஆண்டுகளுக்குள் அது அழிந்திருக்குமோ என்று அஞ்சும் நிலை வந்தது. 2016-இல் தேடிச் சென்றவர்கள், எஞ்சிய காட்டுத் துண்டுகளிலே சிலவற்றை உயிரோடு கண்டனர். அந்தக் குன்றின் காட்டில் 80 விழுக்காடு 1984-க்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டது, உழுநிலமாயிற்று. உழுதவன் ஏழை, அவனைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. புகையிலைப் பொடி ஒன்றிரண்டைக் கொன்றது. காடு போனால் இனமே போகும்.

மடகாஸ்கரின் வடமேற்கில் வோல்ட்ஸ்கோ பச்சோந்தி என்று ஓர் இனம், 1893-இல் பெயரிடப்பட்டது. 1913-க்குப் பின் அதை அறிவியலார் எவரும் கண்டதில்லை. லாபோர்டு பச்சோந்தியின் நெருங்கிய உறவினம். மழைக்காலத்திலே சில திங்கள் மட்டும் வாழ்வதாகக் கருதப்படுவது. ஆகவே வறட்சிக் காலத்தில் தேடியவர்களுக்கு அது கிடைத்திருக்க வழியில்லை. 2018-இல் ஜெர்மானிய ஆய்வாளர்களும் மடகாஸ்கர் ஆய்வாளர்களும் மழைக்காலம் முடிவதற்குள் சென்று தேடினர். பல நாள் காட்டிலே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது கட்செபி என்ற ஊரில், பராமரிப்பின்றிப் புதர் மண்டிக் கிடந்த ஒரு விடுதித் தோட்டத்தில். ஆண்கள் மூன்று, பெண்கள் பதினைந்து. பெண்ணின் நிறங்களை அதுவரை எவரும் எழுதிவைத்ததில்லை. கையிலே எடுத்தபோது பச்சை உடலிலே ஊதாவும் செம்மையும் கறுப்பும் வெள்ளையும் பொங்கின.